வேலி முடியும் இடம்

காலை ஐந்தே முக்காலுக்கு, வேலி முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை.

அவள் நின்றாள். பக்கத்தில் இரும்புக் கம்பி. அதன் தலையில் சிவப்புத் துணி, நேற்று மாலை அவளே இறுக்கிய முடிச்சு. வேலி இந்தக் கம்பியோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் இன்னும் மணல், வேறொன்றும் இருக்கக் கூடாது. ஆனால் வேலியின் முழங்கால் உயரக் கறுப்புத் துணி கம்பியைத் தாண்டி, ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் தூரத்துக்கு, கோடு பிசகாமல் போயிருந்தது.

குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வேலி நட்டால் அதன் அடியில் மணலை அணைத்து மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பல்லி அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். இங்கே மணல் நன்றாக மிதிக்கப்பட்டிருந்தது. மிதித்த காலின் தடம்தான் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள். பாலைவன உயிர்களைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே வேலை எளிது. உயிரினங்களைக் கணக்கெடுக்கும் இந்த முகாமின் பின்சுவரில் தொடங்கி இந்தக் கம்பிவரை ஒரே வேலி. வேலியை ஒட்டி, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வாளிகள் புதைத்திருக்கும். இரவில் ஊர்ந்து வருவது எதுவானாலும் வேலியில் முட்டும். ஏறாது, தாண்டாது, சும்மா அதை ஒட்டியே நடக்கும். நடந்தால் வாளி. விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், இவர்கள் போய் எடுத்து, நிறுத்து, அளந்து, குறி வைத்து விட்டுவிட வேண்டும். கோடைப் பருவம் முழுக்க இதுதான்.

அன்று வாளிகளில் இரண்டு மணல் பல்லியும் ஒரு தேளும் இருந்தன. அவற்றை முடித்துக்கொண்டு அவள் முகாமுக்குத் திரும்பியபோது ஓணான் படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

அது அவன் பெயரல்ல. அவனுக்கு அவளைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். எத்தனையோ பருவமாக இங்கே வருகிறவன். காலையில் கழுத்தைத் தூக்கிக்கொண்டு படியில் உட்காருவதால் யாரோ வைத்த பெயர். அதைத்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். மரியாதை இல்லாமல் அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ‘ஓணாரே’ என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

“ஓணாரே, கம்பிக்கு அந்தப் பக்கம் எப்ப வேலி போட்டீங்க?”

“நான் எங்க போட்டேன்?”

“அப்ப நானா போட்டேன்?”

“காத்துல துணி நீளும் டீச்சர்.”

“துணி நீளும். குச்சி நட்டுக்குமா?”

அவன் டீயை ஒரு மடக்குக் குடித்தான். இந்த வெயிலிலும் காலுறை போட்டிருந்தான். கழற்றி அவள் பார்த்ததே இல்லை.

“இருந்துட்டுப் போகட்டும் விடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?”

புதிதாக வருகிறவர்களை ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு என்று அவள் நினைத்தாள். ஆசிரியர் அறையிலும் இப்படித்தான், நாற்காலியை ஒளித்து வைப்பார்கள். அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை அவள்.

தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினால்தான். மாலையில் ஏறி அண்ணனிடம் பேசினாள்.

“தாங்குமா?” என்றார் அண்ணன்.

“தாங்குது.”

“வேலியில போற ஓணானைத் தூக்கி மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது குடையுதுன்னு இங்க வந்து நிக்காத.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இங்க நிஜமாவே ஒரு ஓணான் இருக்கு அண்ணா.”

“நான் விளையாடல. உன் பாயை இன்னும் சுருட்டலை. எப்ப வேணா வா.”

அந்தப் பாய்தான் அவளுக்குக் கசந்தது. மணம் முறிந்தபின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பாயில்தான் படுத்தாள். அண்ணன் கெட்டவரில்லை. சோறு போட்டார், குரலை உயர்த்தியதில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார். வயது சொல்வார், உயரம் சொல்வார், குணம் சொல்வார். அவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் பாய்க்குத் திரும்புவாள். இந்தப் பருவத்தை முழுதாக முடித்தால் தலைமை அலுவலகத்தில் நிரந்தர வேலை. கூடவே ஒரு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் கதவு. நடுவில் கிளம்பினால் இதில் எதுவும் இல்லை.

“பாயைச் சுருட்டிடுங்க அண்ணா” என்று சொல்லி இறங்கினாள்.

மறுநாள் வேலி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். நேராகப் போகவில்லை. மெல்ல முகாம் பக்கமாகவே வளைந்தது, முழங்கையை மடக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக்கொள்ள வரும் கை மாதிரி.

முதல் வாளியில் ஒரு பல்லி தினமும் விழுந்தது. முன்னங்கால் ஒன்றில் ஒரு விரல் நுனி இல்லை, பின்னங்கால் ஒன்றில் இன்னொன்று. போன பருவத்தில் அடையாளத்துக்காக முகாமில் வெட்டியது. எந்தக் காலில் எந்த விரல் என்பதுதான் அதன் எண். கையில் எடுத்தால் திமிறுவதுகூட இல்லை. உள்ளங்கையில் வயிற்றை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

“இதுக்கு வெட்கமே இல்லையா? தினமும் வந்து விழுது” என்றாள்.

“விழல டீச்சர். வருது.”

“எதுக்கு?”

அவன் வாளிக்குள் கைவிட்டுக் காட்டினான். அடியில் அவர்கள் போட்டுவைக்கும் ஈர ஸ்பாஞ்சு. மேலே சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டு, அகப்பட்டது வெயிலுக்கு ஒண்டிக்கொள்ள.

“உள்ள குளிர்ச்சி. ஈரம் இருக்கு. பாம்பு வராது. விடிஞ்சா ஒரு நிமிஷம் கையில இருக்கணும். அதுதான் வாடகை.”

“விரல் வேற போகுது.”

“அது முதல் தடவை மட்டும்தான்” என்றான் ஓணான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு கம்பிக்குப் போனாள். யார் நட்டதானாலும் சரி. இது அவள் பொறுப்பில் இருக்கும் வேலி, எங்கே முடியவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கம்பியை ஒட்டித் துணியை வெட்டினாள். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவை வருவதற்கு மனமில்லாமல் வந்தன. மணல் அவற்றை அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இழுத்தது. துணியைச் சுருட்டித் தோளில் போட்டாள். நடந்துவரும்போதுதான் உறைத்தது. துணிக்கு எந்த வாசனையும் இல்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த துணி. தூசி வாசனைகூட இல்லை. பொறி வைக்கும் முன் இவர்களும் அப்படித்தான், மணம் இல்லாத சோப்பில் கை கழுவுவார்கள். மனித வாடை தெரிந்தால் எலி வராது.

சுருட்டை ஓணானின் காலடியில் போட்டாள்.

“உங்க விளையாட்டை வேற யார்கிட்டயாவது வச்சுக்கங்க.”

அவன் துணியைத் தொடவில்லை. காலை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“வெட்டியிருக்கக் கூடாது.”

“ஏன்?”

“நம்ம வேலியை ஏதாவது கடிச்சு வச்சா நாம என்ன பண்ணுவோம்?”

“தைப்போம்.”

“அப்புறம்?”

அவளுக்குத் தெரியும். பயிற்சியில் முதல் நாளே சொன்னது. கடித்த இடத்தில் ஏதோ நடமாடுகிறது என்று அர்த்தம். அங்கே கூடுதலாக ஒரு வாளி புதைக்க வேண்டும்.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தத்தான் முடியும். அங்கே தாழ்ப்பாள் இல்லை.

அடுத்த சில நாள் வேலி கம்பியோடு நின்றது. அவள் தினமும் போய்ப் பார்த்து, சிவப்புத் துணியை ஒருமுறை தட்டிவிட்டு வந்தாள். வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

பிறகு ஒரு பிற்பகல் மேற்கே வானம் செம்மண் நிறமானது. முகாமில் மணற்காற்றுக்கு ஒரே ஒரு விதி. வெளியில் மாட்டிக்கொண்டால் கண்ணைத் திறக்காதே, வேலியைத் தேடிப் பிடி, அதைத் தடவிக்கொண்டே நட. அதன் ஒரு முனை முகாம் சுவர், தப்பாமல் வந்து சேரலாம். காற்று வருமுன் வாளிகளை மூட வேண்டும். இருவரும் போனால் சீக்கிரம் முடியும் என்று அவள் தலையில் துணியைச் சுற்றினாள்.

“நீங்க இருங்க. நான் போறேன்” என்றான் ஓணான்.

அவன் முகத்தை அவள் பார்த்தாள். சலிப்பு இல்லை. பயம் இல்லை. பிடித்தமான இடத்துக்குக் கிளம்புகிறவனின் அவசரம். சட்டையை மாற்றியிருந்தான்.

காற்று வந்தது. சன்னல் பலகையை அறைந்தது, கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது, கதவின் அடியில் மணலை நாக்கு நாக்காக நீட்டியது. பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. அவள் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து அவனை எதிர்பார்த்தாள். காற்று நின்றபிறகும் அவன் வரவில்லை. இரண்டுமுறை வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். குரல் போன இடம் தெரியவில்லை.

விடிந்தபின் வந்தான். ஓடவில்லை, தள்ளாடவில்லை, உலாவப் போனவன் திரும்புவதுபோல் வந்தான். மேலே ஒரு பொட்டு மணல் இல்லை. தலைமுடி ஈரமாக இருந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு, மண்பானையைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது.

“எங்க இருந்தீங்க?”

“பத்திரமாத்தான் இருந்தேன்.” கட்டிலில் சாய்ந்த மறுநொடி தூங்கிப்போனான்.

காலில் காலுறை இல்லை. அவள் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண்ணில் பட்டது. இடது காலில் சுண்டுவிரலின் நுனி இல்லை. வலது காலில் நடுவிரலின் நுனி. வெட்டு நேராக, சுத்தமாக, பழசாக இருந்தது. நகம் இருக்கவேண்டிய இடத்தில் வழவழப்பான தோல். இப்படி வெட்ட அவளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, ஒரே வெட்டு.

அவள் தன் செருப்பின் வாரை இறுக்கினாள். பிறகு போய் வாளிகளைப் பார்த்தாள். ஒன்றுகூட மூடப்படவில்லை. எல்லாவற்றிலும் வாய்வரை மணல். முதல் வாளியில் கைவிட்டுத் தோண்டினாள். இரண்டு விரல் இல்லாத அந்தப் பல்லி, ஓட்டுத் துண்டுக்கு அடியில், கண் மூடி, செத்திருந்தது.

அவனை எழுப்பிக் கேட்டாள்.

“வாளியை மூடத்தானே போனீங்க?”

“மறந்துட்டேன்.”

“கால்ல என்ன?”

அவன் போர்வையை இழுத்துக் காலை மறைத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“வலிக்காது டீச்சர். அசையாம இருந்தா சீக்கிரம் விட்டுடும்.”

“எது விடும்?”

“நான் பார்த்ததில்ல. கண்ணை மூடிக்குவேன்.”

“மூடிக்கிட்டு?”

“விடிஞ்சதும் மணல்ல நிப்பேன். அவ்வளவுதான். ஊருக்குப் போனா எனக்குத் தூக்கமே வர்றதில்ல, தெரியுமா? இங்கதான் தூங்கறேன்.”

“எனக்கு அந்தத் தூக்கம் வேணாம்” என்றாள் அவள்.

“உங்களைக் கேட்டா அது வாளி வைக்கப்போகுது?” என்றான் ஓணான். அதில் கிண்டல் இல்லை.

தண்ணீர் வண்டி வந்தது. வண்டிக்காரர் குழாயை மாட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

“வர்றியாம்மா? முன் சீட்டு காலியாத்தான் இருக்கு.”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“கேட்டு வைப்போமேன்னு. போன பருவத்துல ஒரு தம்பி இதே வாசல்ல வந்து நின்னான். பையைக்கூட எடுக்கல. ஏறு ஏறுன்னு நான் சொல்லறதுக்குள்ள ஏறி உக்காந்துட்டான்.”

“அப்ப அவர் வேலை?”

“வேலைதான் போச்சு. உசிரு இருக்குல்ல?”

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி அவள் நின்றாள். முன் சீட்டு. தார்ச் சாலை. அண்ணன் வீட்டுக் கூடம். பாய் விரிக்கப்பட்டிருக்கும். அண்ணன் ஒரு வார்த்தை திட்டமாட்டார். நாளைக்கே யாராவது வருவார்கள், இவள் போய் நிற்பாள்.

“தண்ணியை இறக்கிட்டுக் கிளம்புங்க அண்ணே. நான் வரல.”

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவள் அதற்குள் யோசித்துவிட்டிருந்தாள். வேலியை நம்பக் கூடாது. அவ்வளவுதானே. தட்டு ஒன்றில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துத் தொட்டியின் ஏணியில் தொங்கவிட்டாள். பக்கத்தில் ஒரு கரண்டி. காற்றடித்தால் இரண்டும் மோதும். கண் தெரியாவிட்டாலும் காது போதும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்துவிடலாம். எந்த வேலியையும் தொடவேண்டியதில்லை.

ஓணான் அதை அண்ணாந்து பார்த்தான்.

“நல்ல யோசனை” என்றான். “அதுக்கும் கேக்கும்.”

அடுத்த மணற்காற்று பட்டப்பகலில் வந்தது. அவள் வரிசையின் கடைசி வாளியில் இருந்தாள். காலையில் ஓணானின் கட்டில் காலியாக இருந்தது. அவன் பங்கு வாளிகளையும் அவளே பார்க்க வேண்டியிருந்ததில் நேரமாகிவிட்டது. நிமிர்ந்தபோது மேற்கில் சுவர் எழுந்திருந்தது. சத்தமில்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவர் எழுந்து நிற்பதுபோல். அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் திறந்த வாளிகளில் உயிர் இருந்தது. அந்தப் பல்லியைத் தோண்டி எடுத்த கை இது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள், மூடியின் மேல் கல்லை வைத்தாள். பாதிகூட முடிக்கவில்லை, வெளிச்சம் போய்விட்டது.

மணல் காதுக்குள், மூக்குக்குள், இமைகளுக்குள் வந்தது. தன் கையை முகத்துக்கு முன் நீட்டினாள், கை இல்லை. காலுக்குப் பக்கத்தில் வேலி படபடத்தது. பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று அடித்துக்கொண்டது.

அவள் பிடிக்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று காதைக் கொடுத்தாள்.

டங்.

தூரத்தில். இடது பக்கம். தட்டு.

டங். டங்.

நடந்தாள். காற்று பக்கவாட்டில் தள்ளியது, சாய்ந்து நடந்தாள். மனசுக்குள் அண்ணனிடம் பேசினாள், பார்த்தீர்களா, தாங்குகிறது. சத்தம் கொஞ்சம் கிட்டே வந்தது. அப்போது முழங்காலில் துணி இடித்தது.

இங்கே வேலி கிடையாது.

கண்ணை மூடியபடியே காலால் தடவினாள். கறுப்புத் துணியாகத்தான் இருக்கும். இடமாகவும் போயிற்று, வலமாகவும் போயிற்று. பல்லி என்ன செய்யும்? ஒட்டியே நடக்கும். அவள் பல்லி இல்லை. காலைத் தூக்கித் தாண்டினாள்.

டங்.

பத்தடிகூடப் போகவில்லை. மறுபடி துணி. இந்த முறை இடுப்புக்கு. கையை ஊன்றி, வயிற்றால் புரண்டு, அந்தப் பக்கம் விழுந்தாள். உள்ளங்கையில் முகர்ந்தாள். எந்த வாசனையும் இல்லை.

“தாண்டுவேன்” என்று சத்தமாகச் சொன்னாள். வாயில் மணல் நிறைந்தது. துப்பினாள். “எத்தனை போட்டாலும் தாண்டுவேன்.”

அடுத்தது நெஞ்சுக்கு. குச்சியில் கால் வைத்து ஏறினாள். நகம் பெயர்ந்தது. ஏறினாள். குதித்தாள்.

டங். டங். டங்.

மிகக் கிட்டத்தில். இன்னும் நாலு எட்டு. தொட்டி. ஏணி. கதவு.

கையை முன்னால் நீட்டினாள். நடந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். காற்று விட்டு விட்டு அடித்தது. ஒரு மூச்சு வேகம், ஒரு மூச்சு ஓய்வு. தட்டின் சத்தம் அப்படி இல்லை. ஒரே சீராக இருந்தது. ஒரு கை, பொறுமையாக, கரண்டியால் தட்டுவதுபோல்.

சத்தம் கீழேயிருந்து வந்தது.

நின்றாள். நிற்கத் தரை இல்லை.

விழுந்தது வலிக்கவில்லை. கீழே மெத்தென்று இருந்தது. கையை ஊன்றியதும் விரல்களுக்கு இடையில் சில்லென்று தண்ணீர் கசிந்தது. முழங்கையை ஊன்றினாள், அங்கும் கசிந்தது. எட்டிய மட்டும் ஈரம், துளைத் துளையாக. சுவரைத் தடவினாள். வழவழப்பு. வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்தது. குதித்தாள். சுவர் பிடி கொடுக்கவில்லை. மேலே, மிக மேலே, மணற்காற்று வேறு யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு துகள் இல்லை. குளிர்ச்சி. அமைதி. இத்தனை நாள் வெயிலில் வெந்த உடம்பு, அவளைக் கேட்காமலே ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஒரு பக்கம் ஏதோ பெரிதாக, ஓட்டுத் துண்டுபோல் வளைவாக, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் இருட்டு. இருட்டில் மூச்சு.

“வந்துட்டீங்களா டீச்சர்?” என்றது ஓணானின் குரல், தூக்கம் கலையாமல். “உள்ள வாங்க. இடம் இருக்கு.”

அவன் நகர்ந்து படுக்கும் சத்தம் கேட்டது. பாயில் இடம் விடுகிறவர்கள் அப்படித்தான் நகர்வார்கள்.

“எந்திரிங்க. உங்க தோள்ல நான் ஏறினா எட்டும்.”

“எட்டாது.”

“ஏறிப் பார்த்தீங்களா?”

“எதுக்குப் பார்க்கணும்?” அவன் கொட்டாவி விட்டான். “படுங்க. விடிஞ்சதும் விட்டுடும். நாம விடறதில்லையா?”

“நாம வெட்டித்தான் விடறோம்.”

“அது ஒரு நிமிஷம்.”

அவள் படுக்கவில்லை. உட்காரவும் இல்லை. சுவரில் முதுகை வைத்துக் கால்களை அகட்டி நின்றாள். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். எப்போதோ மேலே எதையோ இழுத்து மூடும் சத்தம் கேட்டது, அதன்பின் காற்றின் ஓசைகூட இல்லை. ஈரம் செருப்பைத் தாண்டிப் பாதத்துக்கு வந்தது. தூக்கம் வந்தபோதெல்லாம் உதட்டைக் கடித்தாள். உதடு கிழிந்தபின் உள்ளங்கையைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. உயிருள்ளதன் ருசி. அந்தக் கிணறு முழுவதிலும் வாசனையென்று இருந்தது அவளுடைய இரத்தம் ஒன்றுதான்.

மேலே ஒரு கீற்று வந்தது. வட்டமாக, மெல்லியதாக, மூடியின் விளிம்பைச் சுற்றி. வெளியில் விடிந்திருந்தது.

ஓணான் எழுந்து உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தான். ஈரத்தில் விரலை நனைத்துத் தலையை வாரிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

விளிம்பிலிருந்து மணல் சொரிந்தது. ஒரு பிடி. நின்றது. இன்னொரு பிடி. கனமான ஒன்று மேலே நடந்து வந்து நிற்கும்போது சொரிவதுபோல்.

மூடி விலகியது.

வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் வரவேண்டிய வட்டம் முழுவதையும் ஏதோ குனிந்து அடைத்தது. அது அவர்களைப் பார்த்தது. அவசரம் இல்லை அதற்கு. கோபம் இல்லை. பிறகு வட்டத்தின் ஒரு ஓரம் மெல்ல நீண்டு, பிரிந்து, சுவரை ஒட்டி இறங்கத் தொடங்கியது. ஒரு மணமும் இல்லாமல், மிகுந்த கவனத்தோடு, எதையும் நசுக்கிவிடக் கூடாது என்ற பழக்கத்தோடு.

“கண்ணை மூடிக்கங்க டீச்சர்” என்றான் ஓணான். “கண்ணை மூடிக்கங்க.”

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். ஈரத்தின் நடுவில் வந்து, அவனுக்கும் அதற்கும் இடையில் நின்றாள். இரத்தம் படிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் கீழ வா” என்றாள். “தொட்டுத்தான் பாரேன்.”